எந்த நிலையிலும் வேண்டாம்

என் மனைவிக்கு வருகிற நோயைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவள் அவளேதான். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். சாதகம், சீதனம் எல்லாம் இரண்டு வீட்டாரும் கதைத்து முடித்திருந்தார்கள். அவளுடைய வீட்டார் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாயிலெடுக்கவில்லை. நான் அப்போது துறைமுக அலுவலகத்தில், கப்பல்கள் வந்துபோவதைப் பதிகிற பிரிவில் எழுதுவினைஞராக இருந்தேன். ஒருநாள் மத்தியானம் காவலாளி வந்து, ஒரு ரீச்சர் உங்களைத் தேடி வந்து வாசலில் நிற்கிறா என்றார். போய்ப் பார்த்தால், பாடசாலைச் சேலையோடு குடை பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

வீதிக்கு எதிர்ப்பக்கம் மரநிழலில் நின்று கதைத்தோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மனம் அப்படியே விழுந்துபோனதாம். சாப்பாடில்லை, பேச்சில்லை, கட்டிலில் கிடந்த கிடை. ஆஸ்பத்திரியில் தலைக்குக் கரண்ட் வைக்கிற சிகிச்சை செய்துதான் எழுப்பினார்களாம். அதிலிருந்து குளிசை போடுகிறாள், இனியும் போடவேண்டும். விஞ்ஞான ஆசிரியை அவள். கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, "இதைத் தெரிஞ்சுகொண்டு ஓம் எண்டால் ஓம். இல்லாட்டி இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றாள். நான் ஓம் என்றேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மிச்சக் கதையைக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில்தான் அவளுடைய தகப்பன் இறந்திருக்கிறார். செத்தவீட்டுக்கு அவளைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அங்கே எடுத்த படம் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தகப்பனின் நெற்றியில் கைவைத்திருக்கிறாள். படத்தில் நிற்பது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் அவளிடம் இல்லை. அதற்கு முந்திய மாதங்களும் இல்லை. அவர்களுடைய ஊரான திரியாயிலிருந்து பஸ் மாறி மாறி, சோதனைச்சாவடியெல்லாம் இறங்கி ஏறி அவர் கிழமைக்குக் கிழமை அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். கடைசியாகப் போனபோது மகளோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தாராம். கூடப் போன தமையன் வெளியே நின்றதால் என்ன கதைத்தார் என்று அவருக்கும் தெரியாது.

"அவர் என்னட்டச் சொன்னது ஒருத்தரிட்டயும் இல்லை" என்றாள் அவள். "அவரிட்டயும் இல்லை, என்னட்டயும் இல்லை."

நினைவு போனதற்கு நோயும் காரணமாக இருக்கலாம், சிகிச்சையும் காரணமாக இருக்கலாம், பிரித்துச் சொல்ல ஏலாது என்று வைத்தியர்கள் அவளுக்கு விளக்கியிருந்தார்கள். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் இனி ஒருபோதும் அந்தச் சிகிச்சைக்குப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் நோய் ஒருமுறை எட்டிப்பார்த்தது. குளிசையைக் கூட்டியதில் அடங்கிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை; வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். அதிலிருந்து தேறி, பாடசாலைக்கும் போகத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். நல்லாய் இருக்கும்போதே சில விஷயம் சொல்லிவைக்க வேண்டும் என்றாள். வருத்தம் வந்தால் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பேய், செய்வினை என்று யார் சொன்னாலும் எங்கும் கொண்டுபோகக் கூடாது. கரண்ட் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். நான் தலையாட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. "வாயால சொல்லுங்கோ" என்றாள். வாக்குக் கொடுத்தேன்.

வாயால் சொன்னது சட்டத்தில் நிற்காது என்று பிறகு அவளுக்கே யோசனை வந்தது. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு சட்டத்தரணியிடம் போனோம். காணி உறுதி எழுதுவதில் பெயரெடுத்த மனுசன். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மரணசாசனம் என்றால் எழுதலாம், ஆனால் அது மனுசர் செத்த பிறகுதான் பேசும் என்றார். உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கிற அதிகாரத்தை அற்றோணித் தத்துவமாக எழுதிக் கணவரிடம் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவரின் புத்தி பிசகினால் அதுவும் அன்றோடு செல்லாமல் போகும் என்றார். உங்களுக்கு எந்த நாளில் தேவையோ அந்த நாளில் உதவாது என்று அவரே சொல்லிச் சிரித்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். புத்தி சுவாதீனம் இல்லாத ஆளை எப்படி அடைத்துவைப்பது, அந்த ஆளின் சொத்தை யார் பார்ப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். சுவாதீனமாய் இருந்தபோது அந்த ஆள் என்ன கேட்டது என்று அதில் ஒரு வரியும் இல்லை என்றார். வேறு நாடுகளில் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. இங்கே கதைக்கிறார்கள், இன்னும் வரவில்லை.

"எழுதித் தாறன், அதுக்கென்ன" என்றார் கடைசியில். "ஆனால் அதைப் பார்த்து ஒரு டொக்டரும் கட்டுப்பட வேணுமெண்டில்லை."

அவரிடம் எழுதாமலே வந்துவிட்டோம். அவள் வீட்டில் இருந்து, தன் கைப்பட ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோனாள். அப்போதிருந்த வைத்தியர் வயதானவர், தமிழர். வாசித்துவிட்டு அவளுடைய கோப்பில் பிரதியை வைத்துக்கொண்டார். நான் இருக்கும்வரைக்கும் இதை மதிப்பேன், எனக்குப் பிறகு வருகிறவருக்கு நான் பொறுப்பில்லை என்றார். மதிப்பான பேச்சு. அவர் அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டார்.

பிறகு பல வருடங்கள் நன்றாகத்தான் போயின. அவள் பகுதித் தலைவியானாள். உப்புவெளியில் வீடு கட்டினோம். காலையில் நான் சைக்கிளில் துறைமுகத்துக்கு, அவள் பஸ்ஸில் பாடசாலைக்கு. பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடப்போம். நோயை மறந்திருந்தோம் என்று சொல்லமாட்டேன். குளிசைப் பெட்டி மேசையில் எப்போதும் இருந்தது. ஆனால் அதைப் பற்றிக் கதைக்கவேண்டி வரவில்லை.

பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் அவளுடைய குளிசையும் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் இல்லை. ஃபார்மசிகளில் இல்லை. கிண்ணியா, மூதூர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் கொஞ்சம் அனுப்பினார். அதைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். பிறகு அதுவும் முடிந்தது. பதிலுக்கு வேறொன்று கொடுத்தார்கள். அது அவளுக்கு ஒத்துவரவில்லை. மருந்து திரும்பக் கிடைத்தபோது அவள் ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருந்தாள்.

முதலில் நித்திரை போனது. பிறகு பேச்சு குறைந்தது. விடைத்தாள்களைத் திருத்த எடுத்துவைத்து, சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன், இறங்கியது. மேலே தூக்கினால் தூக்கின இடத்திலேயே நின்றது. அவள் கேட்டுக்கொண்டபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடம்பிடிக்கவில்லை. அடம்பிடிக்கக்கூட ஆள் உள்ளே இல்லை.

வாட்டில் சேலைன் ஏற்றினார்கள். மூக்கால் குழாய் விட்டு அதன் வழியாகப் பால்மாவும் கஞ்சித்தண்ணியும் ஏற்றினார்கள். ஊசி மருந்து போட்டார்கள். சற்று அசைவாள், மறுபடி கல்லாகிவிடுவாள். இப்போது இருந்த வைத்தியர் இளம் வயது, சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். தாதி ஒருத்தியை வைத்து அவளிடம் கேள்விகள் கேட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன வருத்தம், இந்தச் சிகிச்சை செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் கேட்டுப் பொறுத்திருந்தார். அவளுடைய கண் சுவரை விட்டு நகரவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கிற தகைமை இந்த நேரத்தில் இவரிடம் இல்லை என்று என்னிடம் சொன்னார்.

பிறகு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கரண்ட் சிகிச்சை ஒன்றுதான் இவருக்கு விரைவாகக் கைகொடுக்கும் என்றார். இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், பழைய காலம் மாதிரி இல்லை என்றார். வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் செய்விக்க வேண்டும். உறவினர் சம்மதிக்க வேண்டும். நான் கோப்பைப் பார்க்கச் சொன்னேன். அவர் தேடி எடுத்தார். தாதி வாசித்து மொழிபெயர்த்தாள்.

சாகிற நிலை வந்தாலும் வேண்டாம் என்று இவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார்.

"எந்த நிலையிலும் எண்டு சொன்னவ" என்றேன்.

அதற்குள் சாவும் அடக்கமா என்று அவர் மறுபடி கேட்டார். அவள் மீன் வெட்டிக்கொண்டு அதைச் சொன்ன அன்று நான் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளைப் பின்பற்ற வேண்டும் என்றும் சட்டமில்லை, தள்ளிவிட வேண்டும் என்றும் சட்டமில்லை என்றார் வைத்தியர். அவருக்கும் அது சுமையாகத்தான் இருந்தது. முகத்தில் தெரிந்தது. நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொன்னேன். எல்லா மருந்தையும் பாருங்கள், இது மட்டும் வேண்டாம் என்றேன்.

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. காலையில் போய் அவளுடைய முகத்தைத் துடைப்பேன். படுக்கைப்புண் வராமல் தாதியோடு சேர்ந்து புரட்டிப் படுக்கவைப்பேன். கன்னம் ஒட்டி, பல்வரிசை வெளியே தெரிந்தது. கையில் சேலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். குனிந்து காதருகே, நீர் சொன்னதைத்தான் செய்யிறன் என்பேன். ஏதாவது ஒரு சைகை, ஒரு கண்சிமிட்டல், நான் செய்வது சரி என்றோ பிழை என்றோ தருவாள் என்று காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பிள்ளையின் தாய், மூதூர்க்காரி, என் மனைவிக்காகத் துவா கேட்பதாகச் சொன்னாள். பிறகு அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் வந்தது.

அவளுடைய தமையனுக்கு நான்தான் போன் எடுத்தேன். திரியாயில் வயல் செய்கிற மனுசன். இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, பற்றை வெட்டி மறுபடி வயலாக்கினவர். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்திருக்கும். சாறத்தோடு அப்படியே வந்திறங்கினார். தங்கச்சியைப் பார்த்தார். வாட்டுக்கு வெளியே வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். பிறகு என்னைக் கேட்டார். நான் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"மச்சான், நீங்கள் அவவுக்கு வாக்குக் குடுத்தனீங்கள். அதை நீங்கள் காப்பாத்துங்கோ" என்றார். "நான் ஒரு வாக்கும் குடுக்கேல்லை. நான் வைக்கிறன்."

"அவ பிறகு உங்களை மன்னிக்கமாட்டா, அண்ணை" என்றேன்.

"மன்னிக்கிறதுக்கு அவ இருக்க வேணுமே."

அவர் வைத்தியரின் அறைக்குள் போனார். நான் போகவில்லை. தடுக்கவுமில்லை. வெளியே மதிலோரம், எங்கள் நகரத்துக்குள் மாடுகள்போலத் திரிகிற மான்களில் இரண்டு கடதாசியை மென்றுகொண்டு நின்றன. மனதுக்குள் ஒரு ஆறுதல் வந்ததை மறைக்க ஏலாது. இனி அவள் பிழைக்கக்கூடும். கேட்டால் நான் செய்யவில்லை என்று சொல்லவும் முடியும். அந்த நிமிஷத்தில் எனக்கு அது போதுமாயிருந்தது.

காய்ச்சல் குறைந்ததும் அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். தமையன் கூடப் போனார். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். சில முறை சிகிச்சை செய்த பிறகு ஒருநாள் காலை, அவள் தலையைத் திருப்பித் தமையனைப் பார்த்து, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டிருக்கிறாள். நான் அப்போது கீழே கன்ரீனில் நின்றேன். ஓடிவந்தபோது அவர் அவளைச் சாய்த்துப் பிடித்துக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. ஏன் இப்படி மெலிஞ்சு போனீங்கள் என்று என்னைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மெல்ல மெல்லச் சாப்பிடவும் நடக்கவும் தொடங்கினாள். குரலும் சிரிப்பும் திரும்பின. ஆனால் நினைவில் ஓட்டைகள் இருந்தன. அந்த வருடம் முழுவதும் போயிருந்தது. அதற்கு முந்தியதிலும் துண்டு துண்டாய்ப் போயிருந்தது. பாடசாலைக்குத் திரும்பிப் போனாள். பிள்ளைகளின் பெயர்கள் வரவில்லை. தானே படிப்பித்த பாடத்தைத் தானே வீட்டிலிருந்து படித்துக்கொண்டு போனாள். ஒரு தவணை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வயதுக்கு முன்பே பென்சன் எடுத்தாள்.

அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்கிற நாளை நினைத்துப் பயந்துகொண்டும் இருந்தேன். அவளுக்கு வரப்போவது தமையன்மேல் கோபம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஒரு பின்னேரம் முற்றத்தில் காயவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் தலை நிமிராமல் கேட்டாள், கரண்டுக்கு ஆர் கையெழுத்து வைத்தது என்று.

"அண்ணை" என்றேன்.

"நீங்கள் ஏன் வைக்கேல்லை?"

"நீர் வேண்டாம் எண்டு சொன்னனீர். வாக்கு வாங்கினனீர்."

அவளுக்கு அது நினைவில்லை. குசினியில் நின்று சொன்னதும், சட்டத்தரணியிடம் போனதும், அந்த வயதான வைத்தியரும் ஒன்றும் நினைவில்லை. தாளை எடுத்துக் கொடுத்தேன். மாணவியின் விடையை வாசிப்பதுபோல மேலிருந்து கீழாக வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"என்ர எழுத்துத்தான்" என்றாள். "எழுதினவளை எனக்குத் தெரியாது."

பிறகு கேட்டாள்: "அண்ணா வராட்டி நான் செத்திருப்பன், என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

அவள் மிச்ச உடுப்பையும் மடித்தாள். என் சேட்டுகளைத் தனியாகவும் தன்னுடையதைத் தனியாகவும் அடுக்கினாள். கத்தவில்லை, அழவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டையும் அவளே சமைத்தாள். அதன்பிறகு கொஞ்சக்காலம் எங்களுக்குள் நடந்ததைச் சண்டை என்று சொல்ல ஏலாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். இழந்த மாதங்களில் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, தமையனுக்குப் போன் எடுத்து அதையே கேட்பாள். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். அவர் வயலில் நின்றாலும் வேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்வார். அந்த மனுசன் என்னிடம் ஒருமுறை, நான் பெரிய நியாயமெல்லாம் யோசிக்கேல்லை மச்சான், பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் போட்டுது என்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கிளினிக்கில் அந்த இளம் வைத்தியர் அவளைக் கண்டு சந்தோஷப்பட்டார். சில வருகைகளுக்குப் பிறகு, பழைய தாளை எடுத்துவைத்து, இனி ஒருமுறை வந்தால் என்ன செய்ய விரும்புகிறீர்கள், இதை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் நான் கேட்டு எழுதிவைக்கிறேன் என்றார். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் பேச ஏலாமல் போனால் அண்ணாவைக் கேளுங்கோ" என்றாள்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையசைத்தேன். அவர் தமையனின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு எழுதினார். இலக்கம் அவளுக்கு நினைவு வரவில்லை, நான்தான் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்களால் பஸ் நிறைந்திருந்தது. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். இறங்குமிடம் வந்ததும் எழுந்து எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

எனக்கு இப்போது பிரஷர் இருக்கிறது. போன மாதம் அலுவலகத்தில் தலைசுற்றி விழுந்து, ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் வாசலில் வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். படுக்கவைத்து, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். அவளாக என்னைத் தொட்டு வெகுகாலம். பயந்துபோயிருந்தாள். ஒரு பக்கம் இழுத்துக் கிடையாய் விழுந்தால் உங்களுக்கு என்ன செய்யவேண்டும், மூச்சுக்கு மெஷினில் போடச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா என்று கேட்டாள்.

"உமக்குச் சரியெண்டு படுகிறதைச் செய்யும்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றாள். துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "என்னால ஏலாது. எது வேணுமெண்டு வடிவாச் சொல்லுங்கோ. செத்தாலும் பரவாயில்லையோ, இல்லையோ எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அதற்குப் பிறகும் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். யோசிக்கிறேன். கட்டிலில் கிடப்பது நான், பக்கத்தில் நிற்பது அவள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் அதை அவள் எப்படித் தாங்குவாள் என்று தெரியவில்லை. வேண்டும் என்று சொன்னால் அந்தக் கட்டிலில் நான் எத்தனை காலம் கிடப்பேன் என்றும் தெரியவில்லை. இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.